பூவும் உணவாகும் – தெரிந்து விதைத்தால்

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

வழக்கமாக இந்தப் பக்கத்தில் வேத தியானம் எழுதுவேன். இம்முறை வீட்டில் விதை போட்டுப் பூச்செடி வளர்ப்பதைப் பற்றி, அதிலும் சாப்பிடத்தக்க பூக்களைப் பற்றி எழுதுகிறேன். மருத்துவமனைக் குருவானவருக்கும் பூச்செடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை நேரம். ஆறு வயதுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி நமது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி வந்தார். பிள்ளைகள் வேலியோரம் கூட்டாஞ்சோறு விளையாடியிருக்கிறார்கள். மணல்தான் சோறு. பறித்த பூக்கள் குழம்பு. வேலியில் நின்ற மஞ்சள் அரளியின் காயைக் கல்லால் உடைத்து எடுத்த பருப்பு, தேங்காய். மற்றப் பிள்ளைகள் தின்பதுபோலப் பாவனை செய்தார்கள். இவன் நிஜமாகவே மென்று விழுங்கிவிட்டான்.

வாந்தி நிற்கவில்லை. நாடித்துடிப்பு குறைந்துகொண்டே போயிற்று. மஞ்சள் அரளியின் எல்லாப் பாகங்களிலும், விசேஷமாக விதையில், இருதயத்தின் ஓட்டத்தைத் தாறுமாறாக்கும் நஞ்சு இருக்கிறது. மருத்துவர்களும் செவிலியர்களும் இரண்டு இரவுகள் மாறி மாறி அவன் பக்கத்திலேயே இருந்தார்கள். கருவியில் ஓடும் கோட்டைப் பார்த்தபடி பாட்டி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் அவரோடு ஜெபித்தேன். ஜெபித்த நேரத்தைவிடப் பேசாமல் கூட உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். மூன்றாம் நாள் காலையில் பையன் இட்லி கேட்டான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வீட்டுக்குப் போகும் நாளில் பாட்டி என்னிடம் கேட்டார்: “ஐயா, பூன்னா தலையில வைக்கிறது, சாமிக்குப் போடுறது, அவ்வளவுதான் தெரியும். பூசணிப் பூவைப் பொரிச்சு நானே இவனுக்குக் குடுத்திருக்கேன். இது ஆகும், அது ஆகாதுன்னு பிள்ளைக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்து வாசித்தேன். கில்காலிலே பஞ்சம். எலிசா தீர்க்கதரிசி பெரிய பானையில் கூழ் காய்ச்சச் சொல்லுகிறார். ஒருவன் வயல்வெளிக்குப் போய், காட்டுக்கொடியில் காய்த்திருந்தவற்றை மடி நிறையக் கொண்டுவந்து, இன்ன காய் என்று அறியாமலே அரிந்து பானையில் போட்டுவிடுகிறான். அவன் கெட்ட எண்ணம் கொண்டவன் அல்ல. பசித்தவர்களுக்கு உதவத்தான் போனான். அவனிடம் இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று, அந்தக் கொடியைப் பற்றிய அறிவு. எலிசா மாவைப் போட்டார், பானை குணமாயிற்று. நமது வார்டுகளில் அப்படிப்பட்ட மாவு இல்லை. நாம் முன்னதாகவே தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

பிள்ளைகளைப் பூக்களைக் கண்டு பயப்பட வைப்பது இதற்குப் பரிகாரம் ஆகாது. பயந்த பிள்ளைக்குச் செடியின் பெயர் தெரியாது. தானே விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, பூப்பதைப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பூவின் பெயரும் தெரியும், மற்றப் பூ வேறு என்பதும் தெரியும். ஆகவே நமது மருத்துவமனைச் சமையலறைக்குப் பின்புறம், குழாயடித் தண்ணீர் வடியும் இடத்தில், ஒரு சிறு பாத்தி போட்டோம். அதில் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

ஏன் விதையிலிருந்து?

பூக்கடையில் வாங்கும் பூ சாப்பிடுவதற்காக வளர்க்கப்பட்டதல்ல. பூச்சி விழாமலும் வாடாமலும் இருக்க எத்தனை முறை மருந்து அடித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. நாற்றுப் பண்ணையிலிருந்து பூத்த நிலையில் வாங்கிவரும் தொட்டிச்செடியும் அப்படியே. வேலியோரத்திலும் சாலையோரத்திலும் பறித்த பூவின் கதையும் நமக்குத் தெரியாது. விதையிலிருந்து நாமே வளர்த்த செடியின் கதை மட்டும் ஆதி முதல் நமக்குத் தெரியும்.

விதை வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். சில பாக்கெட்டுகளில் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியதுபோல் இருக்கும். அது பூஞ்சாண மருந்து கலந்த விதை என்பதற்கு அடையாளம். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டாம். கூடியமட்டும் மருந்து கலக்காத விதையையோ, அக்கம்பக்கத்தில் நன்கு தெரிந்த ஒருவர் வீட்டு விதையையோ வாங்குங்கள்.

மண் கலவை எளிது. செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு, மணல் அல்லது தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. தொட்டி, பழைய பிளாஸ்டிக் வாளி, சாக்கு எதுவானாலும் அடியில் துளை இருக்கட்டும். குறைந்தது ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும். ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் நல்ல காலங்கள். கொட்டும் ஐப்பசி மழையில் விதைத்தால் விதை அழுகிவிடும்.

இனி, செடிகளைப் பார்ப்போம்.

1. சங்குப்பூ

நீல நிறத்தில், சங்கைப் போன்ற வடிவில் பூக்கும் கொடி. காக்கணம் என்றும் சொல்லுவார்கள். இதன் விதைக்கு மேல்தோல் கடினம். அப்படியே போட்டால் சில விதைகள் வாரக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். உப்புத்தாளில் விதையின் ஒரு பக்கத்தை இலேசாக உரசி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, விரல்நுனி ஆழத்தில் ஊன்றுங்கள். ஒன்று இரண்டு வாரங்களுக்குள் முளைக்கும். ஏறுவதற்கு ஒரு கயிறு கட்டிவிட்டால், சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் வேர் முடிச்சுகளின் மூலம் மண்ணுக்கும் தழைச்சத்தைச் சேர்க்கும்.

பூவின் அடியிலுள்ள பச்சைப் பகுதியைக் கிள்ளிவிட்டு, ஐந்தாறு பூக்களை ஒரு தம்ளர் வெந்நீரில் போடுங்கள். சில நிமிடங்களில் தண்ணீர் நல்ல நீலமாகும். அந்த நீரில் மாவு பிசைந்தால் நீல இடியாப்பம். மலேசியாவின் கிளந்தான் பகுதியில் நாசி கெராபு என்ற நீலச் சோற்றுக்கு இந்தப் பூவின் நிறத்தையே சேர்க்கிறார்கள். நீல நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நிறம் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். பூவிலுள்ள நிறப்பொருள் புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறுகிற தன்மையுடையது. பிள்ளைகள் வார்டில் இதைச் செய்து காட்டியபோது, ஊசிக்குப் பயந்து மூன்று நாளாக யாரோடும் பேசாதிருந்த ஒரு சிறுமி, “இன்னொரு தடவை பிழிங்க ஐயா” என்றாள்.

இதழை மட்டுமே உபயோகிக்க வேண்டும். இதன் விதையும் வேரும் பேதியை உண்டாக்கும். காய்ந்த காய்களைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

2. பரங்கிப்பூ

மஞ்சள் பூசணி என்றும் சொல்லுகிற பரங்கியின் பூ. மார்கழிக் கோலத்தில் சாண உருண்டையின் மேல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமையலுக்கு வாங்கிய பழத்தின் முற்றிய விதையையே கழுவி நிழலில் உலர்த்தி உபயோகிக்கலாம். ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்திற்குள் முளைக்கும். பெரிய சாக்கில் ஒரு கொடி போதும். மாடியிலும் படரும்.

ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் முதலில் ஆண் பூக்கள் வரும். மெலிந்த நீண்ட காம்பில் நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவது பெண் பூ. சமையலுக்கு ஆண் பூவைப் பறியுங்கள். பெண் பூவைப் பறித்தால் காயை இழப்பீர்கள். எல்லா ஆண் பூக்களையும் பறித்துவிட்டாலும் மகரந்தம் இல்லாமல் பிஞ்சு வெம்பிப்போகும். ஆகவே தினமும் ஒன்றிரண்டை விட்டுவிட வேண்டும். காலையில் தேனீக்கள் வந்துபோன பிறகு பறித்து, உள்ளேயிருக்கும் மகரந்தத் தண்டையும் வெளியிலுள்ள பச்சை இதழையும் நீக்கி, எறும்பு இருக்கிறதா என்று பார்த்துக் கழுவுங்கள். கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடலாம். வெங்காயம், மிளகாய், தேங்காய் சேர்த்துப் பொரியலும் செய்யலாம்.

3. செண்டுப்பூ

துலுக்கச் சாமந்தி என்று மாலை கட்டுகிற பூ. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்து நம் ஊர்ப் பூவாகிவிட்டது. ஓசூர், சத்தியமங்கலம் வட்டாரங்களில் இதை வயல் வயலாகப் பயிரிட்டு, இதழிலிருந்து லூட்டீன் என்ற மஞ்சள் நிறப்பொருளை எடுக்கிறார்கள். கோழித் தீவனத்தில் அதைச் சேர்ப்பதால்தான் பல பண்ணை முட்டைகளின் மஞ்சள் கரு அவ்வளவு நிறமாக இருக்கிறது.

காய்ந்த பூவைப் பிரித்தால் கருப்பு ஊசிபோல் இருப்பவையே விதைகள். மண்ணில் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஒரு மாதம் ஆனபின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து அதிகம் பூக்கும். இதழின் அடியிலுள்ள வெண்மையான பகுதி கசக்கும். அதை வெட்டிவிட்டு, மஞ்சள் நுனியைப் பொடியாக நறுக்கி எலுமிச்சைச் சாதத்தின் மேலோ தயிர்ப் பச்சடியின் மேலோ ஒரு சிட்டிகை தூவலாம். இது நிறத்துக்கும் வாசனைக்கும் மட்டுமே. பிடி பிடியாகச் சாப்பிடுவதற்கு அல்ல. கடைப் பூவில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

4. சிவப்புப் புளிச்சை

புளிச்சக்கீரைக் குடும்பத்தில் தண்டும் காம்பும் சிவந்த வகை. பூ வாடி விழுந்த பிறகு அதன் அடியிலுள்ள புற இதழ்கள் சிவந்து சதைப்பிடித்துத் திரளும். சாப்பிடுவது அதைத்தான். ஆனி, ஆடியில் விதைத்தால் பகல் பொழுது குறுகும் ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். பூ விழுந்து சுமார் மூன்று வாரத்தில் பறித்து, நடுவிலுள்ள விதைக் காயை நீக்கிவிட்டு, துவையல், ஜாம், சர்பத் செய்யலாம். நடுக் காயை முற்றவிட்டால் அடுத்த ஆண்டுக்கு விதை. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தச் சர்பத்தைத் தினசரிப் பானமாக்கிக் கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. அகத்தி

கொல்லையில் இடமுள்ளவர்களுக்கு. வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நடுகிற அதே மரம். விதையை ஓர் இரவு ஊறவைத்து நட்டால் விறுவிறுவென்று வளர்ந்து, ஓராண்டளவில் பூக்கும். வெள்ளை, சிவப்பு இரண்டும் உண்டு. நடுவிலுள்ள நரம்பு கசப்பு. அதை உருவிவிட்டுப் பாசிப்பருப்போடு பொரியல் செய்யுங்கள்.

6. நாஸ்டர்டியம்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள நண்பர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் பூக்கும். இலையும் பூவும் மிளகுபோல் காரமாக இருக்கும். பட்டாணியளவு விதையை ஊறவைத்து, நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் வேர் சரியாகப் பிடிக்காது. எரு அதிகம் போட்டால் இலை மட்டும் தழைக்கும். பூ வராது.

சாப்பிடக் கூடாதவை

அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, எருக்கு, உண்ணிச்செடி, செங்காந்தள் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டுங்கள். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் மருந்துக்காகப் பயிராகிறது. அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்சிசின் அளவறிந்து கொடுத்தால் மருந்து, அளவு தவறினால் மரணம். குண்டுமணியும் ஆமணக்கு விதையும் இந்தப் பட்டியலைச் சேர்ந்தவையே. மலைப்பகுதித் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் ஸ்வீட் பீ, பட்டாணிச் செடியைப்போலவே தோன்றும். அதன் விதையும் நஞ்சு.

பெயர் ஒன்றுபோல் இருப்பதும் நம்மை ஏமாற்றும். சாமந்தி என்ற ஒரு சொல்லால் வெவ்வேறு செடிகளை அழைக்கிறோம். 1768ஆம் ஆண்டு தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்த கோனிக், தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் மாணவர். 1776இல் அங்கே வந்து சேர்ந்த ரோட்லர் ஐயர், தமிழ் அகராதி தொகுத்ததோடு, ஊர் ஊராகச் சென்று செடிகளைச் சேகரித்து உலர்த்திப் பெயர் எழுதி வைத்தவர். 1836இல் சென்னையில் மரிக்கும்வரை ஊழியத்தையும் செடிகளையும் அவர் விடவில்லை. சுவிசேஷம் சொல்ல வந்தவருக்குச் செடியின் பெயர் எதற்கு என்று இளவயதில் நான் நினைத்ததுண்டு. அந்தப் பையன் கட்டிலருகே உட்கார்ந்த இரவில் அதன் அவசியம் விளங்கிற்று.

யாராவது தெரியாமல் எதையேனும் தின்றுவிட்டால், உப்புத் தண்ணீரோ புளித்தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். பால், எண்ணெய் எதுவும் கொடுக்கவேண்டாம். வாயில் மீதி இருந்தால் எடுத்துவிட்டு, 108க்குக் கூப்பிடுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். தின்ற செடியின் ஒரு கிளையையும் காயையும் கையோடு கொண்டுவாருங்கள். பாட்டி அன்று முந்தானையில் உடைந்த அரளிக் காயை முடிந்துகொண்டு வந்திருந்தார். எங்கள் மருத்துவர்கள் வீணாக்காத நிமிடங்களுக்கு அந்த முடிச்சே காரணம்.

நினைவில் வைக்கவேண்டிய சில காரியங்கள்

முதல் தடவை ஒரே ஒரு பூவைச் சிறிதளவு சாப்பிட்டு, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்கள் மகரந்தப் பகுதியை முற்றிலும் நீக்கவேண்டும். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேளாமல் பழக்கமில்லாத பூக்களைச் சாப்பிடவேண்டாம். செடியில் அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், இல்லையேல் அந்தக் கிளையைக் கிள்ளி எறியுங்கள். சாப்பிடும் பூவின்மேல் எந்த மருந்தும் அடிக்கவேண்டாம்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்லுகிறேன். பூ உணவு, அதை மருந்தாக்கிவிடாதீர்கள். பூக் கஷாயத்தை நம்பிச் சர்க்கரை நோய் மாத்திரைகளை நிறுத்திவிட்டு, காலில் ஆறாத புண்ணோடு வந்தவர்களை நமது அறுவை சிகிச்சை வார்டில் நான் சந்தித்திருக்கிறேன். தட்டில் பூவும் இருக்கட்டும், வேளா வேளைக்கு மாத்திரையும் இருக்கட்டும். இரண்டையும் ஸ்தோத்திரத்தோடே பெற்றுக்கொள்ளலாம்.

பாத்தி இன்று

அந்தப் பையன் பரிசோதனைக்கு மறுபடியும் வந்தபோது பாட்டி அவனைப் பாத்திக்கு அழைத்துவந்தார். அவன் கையால் சங்குப்பூ விதை ஐந்து ஊன்றினான். நான்கு முளைத்தன. இரண்டு மாதம் கழித்து வந்தபோது கொடி அவன் உயரத்தைத் தாண்டியிருந்தது. “இது சங்குப்பூ. தின்னலாம். வித்து தின்னக்கூடாது” என்று யாரும் கேட்காமலே சொன்னான். பிறகு, “எங்க வேலியில நிக்கிறது அரளி. அதைப் பாட்டி வெட்டிட்டாங்க” என்றான். பாட்டி என்னைப் பார்த்தார். அவர் கேட்ட கேள்விக்குப் பேரனே பதில் சொல்லிவிட்டான்.

அன்பான பங்காளர்களே, அந்தப் பாட்டியிடம் பேருந்துக்குக்கூடப் பணம் இல்லாதிருந்தது. அவனுடைய சிகிச்சைச் செலவை ஏற்றது ஏழை நோயாளிகள் நிதி. அதாவது, நீங்கள் கைப்பிடி அரிசியாகவும், அசனப் பண்டிகைக் காணிக்கையாகவும், பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கையாகவும் அனுப்பின பணம். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லுகிறேன். தொடர்ந்து தாங்குங்கள்.

அதனோடு ஒரு சிறு விண்ணப்பம். உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு இந்த ஆண்டு ஒரு தொட்டியிலாவது விதை போடுங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் பெயரை எழுதி வையுங்கள். பிள்ளைகளை ஒருநாள் வேலியோரம் அழைத்துக்கொண்டு போய், எதைத் தொடக்கூடாது என்றும் காட்டுங்கள். மீந்த விதையை அசனப் பண்டிகை ஏலத்திற்குக் கொண்டுவாருங்கள். காட்டுப் புஷ்பங்களைக் கவனித்துப் பார்க்கும்படி ஆண்டவர் சொன்னபோது, கவலையை விடும்படியே முதலாவது சொன்னார். ஆனாலும் கவனித்துப் பார் என்பதும் கட்டளையே என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது.

எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் மருத்துவமனைக் குருவானவர்